இக்கரை வெள்ளியும் அக்கரை வெள்ளியும்

காலை மணி நாலு. நம் ஊரில் பால்காரர்கூட இன்னும் புரண்டு படுத்துக்கொண்டிருக்கும் நேரம். ஆனால் மலேசியாவின் தென்கோடியில் இருக்கும் ஜொகூர் பாரு நகரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அதற்குள் விளக்கு எரிகிறது. அவசரம் அவசரமாகச் சோறு பொங்கி டப்பாவில் அடைக்கிறார்கள். குழந்தையின் போர்வையைச் சரி செய்கிறார்கள். மழைக் கோட்டையும் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று ஒரு தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். மணிபர்ஸுக்காக அல்ல, பாஸ்போர்ட்டுக்காக!

வேலைக்குப் போகப் பாஸ்போர்ட் எதற்கு என்று கேட்பீர்கள். இவர்கள் வேலை பார்ப்பது அடுத்த தேசத்தில். ராத்திரி வந்து படுப்பது சொந்த தேசத்தில். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கிலோமீட்டரும் சொச்சமும் நீளமுள்ள ஒரு கடற்பாலம். பாலம் என்று சொன்னாலும், கடலில் கருங்கல்லைக் கொட்டி மேடாக்கிய அணை என்பதே பொருத்தம். 1923-ல் இதன்மேல் ரயில் ஓடத் தொடங்கியது. மறு வருஷம் ஜூன் மாதம் சம்பிரமமாகத் திறப்பு விழா நடந்தது. 2020-ம் வருஷத்துக்கு முன்னால் மூன்று லட்சம் மலேசியர்கள் தினந்தோறும் சிங்கப்பூருக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள் என்று கணக்கு. தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு.

அந்த ஒரு கிலோமீட்டரைக் கடந்தால் சம்பளம் மூன்று மடங்கு ஆகிறது. சில உத்தியோகங்களில் ஐந்து, ஆறு மடங்குகூட ஆகிறது. வேறு சிலவற்றில் வித்தியாசமே சொற்பம். ஏன் இப்படி?

முதலில் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பக்கத்துத் தமிழர்கள் சிங்கப்பூர் டாலரையும் 'வெள்ளி' என்பார்கள். மலேசிய ரிங்கிட்டையும் 'வெள்ளி' என்பார்கள். தப்பில்லை. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வெள்ளியாகத்தான் இருந்தன. 1963-ல் சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்தது. 1965 ஆகஸ்டில் பிரிந்தது. பிரிந்த பிறகும் இரண்டு வருஷ காலம் பொது நாணயம் நீடித்தது. 1967-ல் தனித்தனி நாணயம் வந்தபோதுகூட, 1973 மே மாதம் வரையில் ஒன்றுக்கு ஒன்று என்று சரிக்குச் சரியாக மாற்றிக்கொள்ளலாம். கூட்டுக் குடும்பத்தில் தனிக் குடித்தனம் போன பிறகும் சில நாள் ஒரே அடுப்பில் சமைப்பதில்லையா, அதைப் போல! அதற்குப் பிறகு தராசு ஒரே பக்கமாகச் சாய்ந்தது. 2024-ல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்றேகால் முதல் மூன்றரை வரை மலேசிய வெள்ளி எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது.

"அப்படியானால் எல்லாம் நாணய மாற்று வித்தைதான்" என்று சொல்லிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

ஆபீஸ் கூட்டிப் பெருக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் எல்லாத் தொழிலுக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கிடையாது. சில தொழில்களுக்கு மட்டும் படிப்படியாக ஏறும் சம்பள ஏணி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். துப்புரவுத் தொழிலாளிகளுக்கு 2014-ல் அது கட்டாயம் ஆயிற்று. 2025 ஜூலையில் அந்த ஏணியின் கீழ்ப்படி மாதம் 1,910 வெள்ளி ஆயிற்று. மலேசியாவில் 2013 முதல் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டில் ஆரம்பித்து, 2022-ல் 1,500 ஆகி, 2025 பிப்ரவரி முதல் 1,700 ஆயிற்று. 1,910-ம் 1,700-ம்! வெறும் எண்களைப் பார்த்தால் அக்காளும் தங்கையும் போல் இருக்கிறது. நாணயத்தை மாற்றிப் பார்த்தால்தான் மூன்றரை மடங்கு வருகிறது.

இப்போது ஏணியின் நடுப்படிக்கு வாருங்கள். முழு நேர வேலை பார்ப்பவர்களை எல்லாம் சம்பள வரிசையில் நிற்க வைத்து, நட்டநடுவில் நிற்பவரைப் பிடித்து "உமக்கு என்ன வருகிறது?" என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்வாசி 2024-ல் 5,500 வெள்ளி என்றிருப்பார். முதலாளி அவருடைய சேமநிதிக்குக் கட்டும் தொகையும் அதில் அடக்கம். மலேசியர் 2023-ல் 2,602 ரிங்கிட் என்றிருப்பார். இங்கே வெறும் எண்ணே இரண்டு மடங்கு. நாணயத்தையும் மாற்றினால் ஏழு மடங்கை எட்டுகிறது. சேமநிதியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஆறுக்குக் குறையாது.

ஆகவே, பெருக்குகிறவருக்கு மூன்றரை. நடுவில் நிற்பவருக்கு ஆறு. மேலே போகப் போக இரு கரைகளும் விலகிக்கொண்டே போகின்றன! நாணயம் எல்லாருக்கும் ஒரே நாணயந்தானே? பின்னே இந்த வித்தியாசத்துக்கு நாணயத்தின் தலையில் மட்டும் பழியைப் போட முடியுமா?

இரண்டு சகோதரிகளைக் கற்பனை செய்துகொள்வோம். அக்காள் ஜொகூரில் ஓர் அழகு நிலையத்தில் தலைமுடி வெட்டுகிறாள். தங்கை அதே வேலையைப் பாலம் தாண்டிப் போய்ச் செய்கிறாள். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஒரே இடத்தில் தொழில் கற்றவர்கள். ஆனால் தங்கை கொண்டு வருவது மும்மடங்கு.

"ஏண்டி, நீயும் அதே கத்தரிக்கோலைத்தானே பிடிக்கிறாய்? அங்கே இருக்கிறவர்களுக்கு என்ன, ஆளுக்கு இரண்டு தலையா?" என்று அக்காள் கேட்கிறாள்.

"தலை ஒன்றுதான் அக்கா. ஆனால் அந்தத் தலை பாங்கியில் உத்தியோகம் பார்க்கிறது!" என்கிறாள் தங்கை.

தங்கைக்குத் தெரியாது, பொருளாதாரப் பண்டிதர்கள் பக்கம் பக்கமாக எழுதிய சங்கதியை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். 1964-ம் வருஷம் பேலா பலாஸா, பால் ஸாமுவெல்ஸன் என்ற இரண்டு நிபுணர்கள் தனித்தனியாக இதை விளக்கினார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான். ஒரு தேசத்தில் இரண்டு வகைத் தொழில்கள் உண்டு. கப்பலில் ஏற்றி உலகத்துக்கே விற்கக்கூடிய சரக்கைச் செய்யும் தொழில் ஒன்று. முடி வெட்டுவது, துணி துவைப்பது, சமைத்துப் போடுவது போல உள்ளூரிலேயே விற்றாக வேண்டிய தொழில் மற்றொன்று. முதல் வகையில் நல்ல இயந்திரமும் படிப்பும் சேர்ந்து ஓர் ஆள் செய்கிற வேலையின் மதிப்பு உயர்ந்தால் அங்கே சம்பளம் ஏறும். அங்கே ஏறினால், முடி வெட்டுகிறவரும், "எனக்கும் கூட்டிக் கொடுத்தால் இருக்கிறேன், இல்லாவிட்டால் தொழிற்சாலைக்குப் போகிறேன்" என்பார். அவருடைய கத்தரிக்கோல் முன்னைவிட வேகமாக ஓட வேண்டியதில்லை. அடுத்த தெருவில் சம்பளம் ஏறியதே போதும்.

இதன் மறு பாதியைப் பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமை அன்று பாலத்துக்குப் போக வேண்டும். வாரம் பூராவும் வேலையாட்கள் தெற்கே போன பாதையில், சனிக்கிழமை சிங்கப்பூர்க் குடும்பங்கள் வடக்கே வருகின்றன. முடி வெட்டிக்கொள்ள, காரைக் கழுவ, மளிகை வாங்க, வயிறார மீன் தலைக் கறி சாப்பிட! பெட்ரோலுக்கும் வருவார்கள் என்பதால், டாங்கியில் முக்கால் பங்கு பெட்ரோல் இல்லாமல் சிங்கப்பூர்க் கார் எல்லையைத் தாண்டக் கூடாது என்றே சிங்கப்பூர் சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறது. மாதச் சாமான் வாங்கச் சிக்கனமான கடை தேடி அடுத்த பேட்டைக்குப் போகும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

உலகத்துக்கு விற்கும் சரக்கு என்றேன். அந்தக் கதையில் பெண்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1968-ல் அமெரிக்க மின்னணுக் கம்பெனிகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1972-ல் மலேசியாவின் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை எழுந்தது. இரண்டு இடத்திலும், கண்ணைப் பூதக்கண்ணாடியில் பதித்து, தலைமயிரினும் மெல்லிய கம்பியைத் துணுக்குத் துணுக்காக ஒட்டியவர்கள் பெரும்பாலும் இளம் பெண்களே. அப்போது இரு கரைகளுக்கும் இருந்த இடைவெளி இன்றைப் போல் அகலமானதல்ல.

பிறகு சிங்கப்பூர் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. 1979 முதல் மூன்று வருஷம், சம்பளத்தை வேண்டுமென்றே கிடுகிடுவென்று உயர்த்தும்படி அங்கிருந்த தேசியச் சம்பள மன்றம் சிபாரிசு செய்தது. "குறைந்த கூலிக்கு ஆள் வைத்து நடத்தும் தொழில் இங்கே வேண்டாம், இயந்திரம் வை, இல்லாவிட்டால் இடம் மாறு" என்பதுதான் அதன் அர்த்தம். வலிக்காமல் போகவில்லை. 1985-ல் பொருளாதாரம் சுருங்கியது. சேமநிதிக்கு முதலாளிகள் கட்டிய 25 சதவிகிதத்தை மறு வருஷம் ஒரேயடியாக 10 சதவிகிதமாகக் குறைக்க நேர்ந்தது. ஆனால் தையலும் தறியும் பொருத்து வேலையும் மெல்ல மெல்ல வெளியேறத்தான் செய்தன. வெளியேறி எங்கே போயின? பல, பாலத்தைத் தாண்டி ஜொகூருக்குத்தான்! 1989-ல் சிங்கப்பூர், ஜொகூர், இந்தோனேஷியாவின் ரியாவ் தீவுகள் மூன்றையும் சேர்த்து 'வளர்ச்சி முக்கோணம்' என்று பெயரும் சூட்டினார்கள். கணக்குப் பிள்ளையும் ஆராய்ச்சிக்காரரும் சிங்கப்பூரில். திருகாணி முடுக்கும் கை ஜொகூரில். 2025 ஜனவரியில் இரு அரசுகளும் ஜொகூரில் விசேஷப் பொருளாதார மண்டலம் அமைக்கக் கையெழுத்திட்டதும் இந்த வழியில் வந்ததுதான்.

தொழில் வாரியாகப் பார்த்தால் இன்னொரு விசித்திரம். மலேசியாவில் சம்பள ஏணியின் உச்சியில் உட்கார்ந்திருப்பது எண்ணெய்க் கிணறும் சுரங்கமும். அடியில் இருப்பது விவசாயம். அதாவது பெரும்பாலும் தோட்டம். சிங்கப்பூரிலோ இரண்டுமே இல்லை! அங்கே உச்சியில் பாங்கியும் கம்ப்யூட்டரும். அடியில் சாப்பாட்டுக் கடையும் துடைப்பமும். ஆகவே இரு தேசத்துச் சராசரியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஆளையே மாற்றி வைத்து அளந்த கதைதான்.

தோட்டம் என்றதும் நமக்கு நினைவு வராமல் இருக்குமா? நம் பாட்டனார் காலத்தில் கங்காணியின் பேச்சைக் கேட்டுக் கப்பலேறியவர்கள் பால்மரக் காட்டில்தான் கூலிக்கு நின்றார்கள். இருட்டில் எழுந்து நெற்றியில் விளக்குக் கட்டிப் பால் வெட்டப் போவார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தமிழ்க் குடும்பங்கள் ஊர்ப்புறத்துக்குப் பெயர்ந்தன. இன்று குலை வெட்டுகிறவர் பெரும்பாலும் இந்தோனேஷியாவிலிருந்தும் வங்க தேசத்திலிருந்தும் வந்தவர். அந்தப் பேரப் பிள்ளைகளில் ஒருவர்தான் இன்று நாலு மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிளை உதைக்கிறார் என்று வைத்துக்கொண்டால், இருட்டில் எழுவது மட்டும் மூன்று தலைமுறையாக மாறவில்லை.

இப்போது வீட்டு வேலைக்கு வருவோம். இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. மற்ற எல்லாத் தொழிலிலும், பணக்கார தேசத்தில் கூலி அதிகம் என்று பார்த்தோம். ஆனால் வீட்டோடு தங்கி வேலை செய்யும் பணிப்பெண்ணுக்கு, எந்தக் கரையில் வேலை பார்க்கிறாள் என்பதைவிட எந்த ஊரில் பிறந்தாள் என்பதே பெரிது. பிலிப்பைன்ஸ் சர்க்கார் 2006-ல், வெளிநாட்டு வீடுகளில் வேலை செய்யப் போகும் தங்கள் பெண்களுக்கு மாதம் 400 அமெரிக்க டாலருக்குக் குறைந்து கொடுக்கக் கூடாது என்று விதித்தது. சிங்கப்பூரானாலும் கோலாலம்பூரானாலும் அப்போது அதே 400. இந்தோனேஷியா 2022-ல் மலேசியாவோடு ஒப்பந்தம் செய்து தன் பெண்களுக்கு 1,500 ரிங்கிட் என்று எழுதி வாங்கியது. கூலியை நிர்ணயித்தது வேலை வாங்கிய நாடல்ல. ஆள் அனுப்பிய நாடு! மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பள உத்தரவு வீட்டு வேலைக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சிங்கப்பூரின் வேலைச் சட்டமும் அவர்களைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறது. மாதத்தில் ஒரு நாளாவது பணம் கொடுத்து ஈடு கட்டாத லீவு உண்டு என்ற விதி அங்கே 2023-ல்தான் அமுலுக்கு வந்தது. பாங்கிக்குப் போகும் சிங்கப்பூர் அம்மாளின் சம்பளம் ஏறுகிறதே, அவள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொருத்தி இந்தக் கூலிக்கு இருப்பதும் அதற்கு ஒரு காரணம். இதை எழுதும்போது நம் வீட்டுச் சமையற்கட்டுப் பக்கம் கண் போகாமல் இல்லை.

பிறந்த ஊரைப் பார்த்துக் கூலி பேசும் வழக்கம் வீட்டோடு நிற்கவில்லை. 2012 நவம்பரில் சிங்கப்பூரில் ஒரு பஸ் கம்பெனியின் சீன தேசத்து டிரைவர்கள் சுமார் 170 பேர் வேலைக்கு வர மறுத்துவிட்டார்கள். 1986-க்குப் பிறகு அந்த ஊர் கண்ட முதல் வேலைநிறுத்தம் அது. என்ன கோபம்? அதே பஸ், அதே ரோடு. ஆனால் மலேசிய டிரைவருக்கு 1,400 வெள்ளி, சீனருக்கு 1,075! "உங்களுக்கு இருக்க இடம் கொடுக்கிறோம், ஒப்பந்தமும் வேறு" என்பது கம்பெனியின் பதில். வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று ஐந்து பேருக்குச் சில வாரச் சிறை கிடைத்தது. 29 பேர் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். சீனர் வேலையை விட்டால் கடல் தாண்டி ஊர் திரும்ப வேண்டும். மலேசியர் விட்டால் பாலம் தாண்டி ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு போய்விடலாம். பேரம் பேசும்போது இந்தத் தூரமும் பேசுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தங்கையின் சம்பளத்தை நினைத்துப் பெருமூச்சு விடும் அக்காளுக்கு இன்னும் இரண்டொரு கணக்குப் பாக்கி இருக்கிறது.

மலேசியாவில் அக்காளின் சம்பளத்தில் 11 சதவிகிதம் சேமநிதிக்குப் போகிறது. முதலாளியும் தம் பங்குக்கு 13 சதவிகிதம் போடுகிறார். சிங்கப்பூரில் அந்த ஊர்க்காரருக்கு இன்னும் அதிகம்: ஐம்பத்தைந்து வயது வரை தொழிலாளி 20, முதலாளி 17. ஆனால் வேலை அனுமதிச் சீட்டில் போய் வரும் தங்கைக்கு அந்தச் சேமநிதி கிடையாது! சொந்த ஊர் நிதியில் தானே விரும்பிக் கட்டினால் உண்டு. வீட்டுக் கடனும் பள்ளிக்கூடச் சம்பளமும் காத்திருக்கும்போது, யார்தான் விரும்பிக் கட்டுவார்கள்? இருபது வருஷம் பாலம் தாண்டிச் சம்பாதித்துவிட்டு, முதுமையில் அக்காள் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவள் தங்கையாகவும் இருக்கலாம். முன்னே சொன்ன சம்பள ஏணி இருக்கிறதே, அதுவும் சிங்கப்பூர் பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுந்தான். தங்கை அதில் ஏற முடியாது. அவளை வைத்துக்கொள்வதற்காக முதலாளி சர்க்காருக்கு மாதா மாதம் தனியாக ஒரு வரியும் கட்டுகிறார். அது அவள் கைக்கு வருகிற பணம் அல்ல. ஆனால் சம்பளம் பேசும்போது அவர் மனத்தில் அந்த வரியும் இருக்கத்தானே செய்யும்?

நேரத்தையும் கூட்ட வேண்டும். நெரிசல் நாட்களில் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. அதைச் சம்பளக் கணக்கில் சேர்த்தால் மூன்று மடங்கு ஏறக்குறைய இரண்டுக்கு இறங்கிவிடும்.

இவற்றை எல்லாம்விடப் பெரிய கணக்கு ஒன்று 2020 மார்ச்சில் வந்தது. கொள்ளை நோயை முன்னிட்டு மலேசியா 18-ம் தேதி முதல் எல்லையை மூடுவதாக அறிவித்தது. அறிவிப்புக்கும் அமுலுக்கும் நடுவே இரண்டு நாள்கூட முழுசாக இல்லை. அக்கரையில் இருந்தால் சம்பளம் உண்டு, வீடு இல்லை; இக்கரையில் இருந்தால் வீடு உண்டு, சம்பளம் இல்லை. ஒரே ராத்திரியில் முடிவு செய்தாக வேண்டும்! பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடித்தார்கள். இடம் கிடைக்காமல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் படுத்தவர்களும் உண்டு. இரண்டு வாரம் என்று சொன்னது நீண்டுகொண்டே போயிற்று. 2021 நவம்பர் 29-ம் தேதிதான் தடுப்பூசி போட்டவர்களை மட்டும் பஸ்ஸில் கணக்காக அனுமதித்தார்கள். தடுப்பூசி போட்டவர்கள் எல்லாரும் பழையபடி தடையின்றிப் போய் வர 2022 ஏப்ரல் முதல் தேதி ஆயிற்று. பாலத்தின் இந்த முனையிலிருந்து பார்த்தால் அந்த முனை தெரியும். அப்படியிருந்தும் கைக்குழந்தையாக விட்டுப் போன பிள்ளை, திரும்பி வரும்போது ஓடி விளையாடிக்கொண்டிருந்தது.

எல்லை திறந்தவுடன் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? மறுபடியும் நாலு மணிக்கு விளக்கு எரிந்தது.

இப்போது பாலத்துக்குப் பக்கத்தில் கடலின் மேல் புது ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். நாலே கிலோமீட்டர், ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேர் போகலாம். 2026 கடைசியில் ஓடத் தொடங்க வேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டு வேலை நடந்தது. இரண்டு தேசத்துப் பாஸ்போர்ட் சோதனையையும் ஏறுகிற இடத்திலேயே முடித்துவிடுவது திட்டம். இறங்கினால் நேரே வேலைக்கு நடக்கலாம். தங்கைக்குக் கொண்டாட்டந்தான். ஆனால் ஜொகூரில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவருக்கும், அக்காள் வேலை பார்க்கும் அழகு நிலையத்து முதலாளி அம்மாளுக்கும் தலைவலி. இத்தனை நாள் பாதி ஊழியர்களைக் கட்டிப் போட்டிருந்தது பாலத்தின் நெரிசல்தான். அது குறைந்துவிட்டால்?

அக்காளுக்கு இது தெரியும். அடுத்த மாதம் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று முதலாளி அம்மாளிடம் இப்போதே சொல்லி வைத்திருப்பாள்!